ஏலத்தில் போன சரணம்

ஸ்தோத்திரவிளை அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு பூசணிக்காய்க்கும் ஒரு விடைக்கோழிக்கும் நடுவே, எங்கள் பாட்டின் மூன்றாம் சரணம் ஏலம் போனது. போனது என்றால் உண்மையிலேயே போனது, அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் சபையில் ஒருவர் வாயிலும் அது இல்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். செக்கச் சிவந்த தேரி மணலில் முந்திரி காய்ப்பதையே நேரில் கண்டால்தான் நம்புவேன் என்கிறவர்களிடம் இதற்கு மேல் என்ன சொல்ல.

விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பதும், ஆராதனை முடிந்ததும் அதை வேப்பமரத்தடியில் ஏலம் விடுவதும் எங்கள் பக்கத்துச் சபைகளின் வழக்கம். ஏலம் எடுக்க எந்தத் தெருக்காரரும் வரலாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம். ஏலத்தில் எடுத்த முட்டையை அடைவைத்தால் ஒன்றுகூடக் கூமுட்டையாகாது என்று அம்மனைக் கும்பிடுகிற மேலத்தெருக்காரர்கள் எங்களைவிடத் திடமாக நம்புகிறார்கள். ஏலத்தில் போனதை யாரும் திரும்பக் கேட்கக்கூடாது, ஏனென்றால் அது கடவுளுக்குக் கொடுத்தது, கடவுள் அதை இன்னொருவர் கையில் கொடுத்தது, நடுவில் புகுந்து பேச நமக்கு வேலையில்லை. எங்கள் ஊரில் இந்தப் பண்டிகை ஜூலையில் வரும். அறுவடைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது.

பாட்டு என்று நாங்கள் சொன்னால் அது ஒரே பாட்டுதான். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஞானாபரணம், நாட்டுக்காகச் சிறையில் இருப்பவர்களை நினைத்து ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் பண்ணுவாராம். மேலேயிருந்த குரு ஒருவர், அது அரசியல், ஜெபத்தில் கலக்கக்கூடாது என்று ஆளனுப்பினாராம். சரி என்று ஜெபத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஞாயிறு அதையே பல்லவியும் நாலு சரணமுமாகப் பாட்டாக்கிக் கொண்டுவந்தாராம் அந்த மனிதர். பெரியவர்களுக்கு மிஷன் பள்ளிக்கூடத்து வேலை போய்விடுமோ என்று பயம். பயமில்லாத பிள்ளைகள் எழுந்து நின்று பாடினார்கள். சுதந்திரம் வந்த அன்று கொடிக்கம்பத்தடியில் அதே பிள்ளைகள்தான் பாடினார்கள், அதிலிருந்து ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடி ஏறியதும் பிள்ளைகள்தான் சரணங்களைப் பாட வேண்டும், பெரியவர்கள் பல்லவிக்கு மட்டும் வாய் திறக்கலாம் என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம்.

தேரிக்காட்டு மணலையும் தெரிந்தெடுத்த தேவனே,
தாய்நாட்டு வாசலிலே தங்கியிரும் காவலனே.

இது பல்லவி. மூன்றாம் சரணத்தையும் இங்கே எழுதிக் காட்ட எனக்கு ஆசைதான், பேனா போகமாட்டேன் என்கிறது. ஊர் உறங்குவதற்காக எங்கோ விழித்திருக்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்காரும் ஆண்டவரே என்று அது கேட்கும், அந்தப் பொருள் மட்டும் எங்களுக்கு நினைவிருக்கிறது. சிறையில் விழித்திருந்தவர்களுக்காக எழுதியது. சிறை திறந்தபிறகு எல்லையில் விழித்திருப்பவர்களுக்காக என்று ஆனது. ராகம் அந்த இடத்தில்தான் தேரி மேட்டில் ஏறுவது போல மூச்சுவாங்க ஏறி, உச்சியில் நின்று, மெதுவாக இறங்கும். பிள்ளைகளுக்கு அதுதான் உயிர்.

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியை நடத்துகிற ஜெபக்கனி டீச்சர் வாரநாட்களில் தையல்காரர், பள்ளிக்கூட யூனிபாரம் தைப்பவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். வேதத்தையும் தேசத்தையும் அவர் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பாட்டின் ஒவ்வொரு சரணத்தையும் எடுத்து, உனக்காக இன்று யார் விழித்திருந்தார்கள், நீ யாருக்காக விழித்திருக்கப் போகிறாய் என்று கேட்பார். பிள்ளைகள் பால்காரரையும் பஸ் டிரைவரையும் ஆஸ்பத்திரி நர்சையும் சொல்வார்கள், சில சேட்டைக்காரர்கள் கொசுவைச் சொல்வார்கள், அதற்கும் சிரித்துவிட்டு எல்லோருக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வார். அந்த வகுப்பு இல்லையென்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே கிடையாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கோயில் சுவரோரம் பிள்ளைகள் நட்ட முருங்கைக் கன்றுகளில் காய்ந்தது போக மீதியை ஆடு தின்றது, காணிக்கை கொண்டுவர அவர்கள் கையில் ஒன்றுமில்லை. கொடுத்த பிறகு நாம் தேடித் தவிக்கிற பொருளாகப் பார்த்துக் கொடுப்பதுதான் காணிக்கை, மற்றதெல்லாம் கழிவு என்று டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். பெரியவர்களானால் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்போம். பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள், கூடிப் பேசினார்கள், டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏலத்தில் அவர்கள் முறை வந்ததும் வரிசையாக வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஏலக்காரர் தங்கையா, பேச்சில் மணலைக் கயிறாகத் திரிக்கிறவர், என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இருப்பதிலேயே சின்னவளான கெசியா, பாட்டின் மூன்றாம் சரணம் என்று சொன்னாள். கூட்டம் சிரித்தது. தங்கையாவும் சிரித்துக்கொண்டே, இதோ சரணம், சொத்தை இல்லை, வண்டு இல்லை, கேளுங்கள் என்று கூவினார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் கூவக் கூவ பிள்ளைகளின் முகம் சிவந்துகொண்டே வந்தது, கடைசிப் பையன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினான், ஜெபக்கனி டீச்சரோ தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் சேலைத் தலைப்பைப் பிசைந்தபடி நின்றார்.

அப்போது பின்னாலிருந்து இசக்கியக்கா விலை கேட்டார். கோயிலுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கிற இசக்கியக்கா மேலத்தெருக்காரர், ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர், வருஷா வருஷம் சாம்பாருக்காகப் பூசணிக்காய் ஏலம் எடுக்க வருபவர். பூசணிக்காயை ஏற்கெனவே எடுத்து இடுப்பில் வைத்திருந்தார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் கேட்டேன் என்று பிற்பாடு சொன்னார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று தங்கையா முடித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள், அத்தோடு சரணம் போயிற்று.

அடுத்த ஞாயிறுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் சரணம் முடிந்து மூன்றாவதற்கு வாய் திறந்தால் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தமில்லை, ஆர்மோனியம் மட்டும் துணையில்லாமல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வெள்ளைத்தாள். அதே நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, கிரைண்டர் சத்தத்துக்கு மேலாக, இசக்கியக்காவின் கரகரத்த குரலில் மூன்றாம் சரணம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கேட்டோம். கேட்டு முடித்ததும் நாலாம் சரணத்தைச் சேர்ந்து பாடி உட்கார்ந்தோம். எங்கள் சபைக் குருவை நாங்கள் ஐயர் என்போம், ஐயர் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் அந்தப் பக்கத்து ஜன்னலை நன்றாகத் திறந்துவைக்கும்படி மட்டும் அறிவிப்பில் சொன்னார்.

கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் ஒரு வழி ஏற்பட்டுவிட்டது. இசக்கியக்காவின் கடையில் காலைக் கூட்டம் கூடியது, சரணத்தைக் கேட்டுவிட்டு வெறும் வாயோடு எழுந்து போக யாருக்கும் மனசு வராததால் இட்லி சீக்கிரமே தீர்ந்தது. அக்கம்பக்கத்துச் சபைகள் கூடும் சேகரத்துக் கூட்டத்துக்கு வந்த பக்கத்து ஊர் உபதேசியார் சரணத்தைத் தன் வாயில் வரவழைக்க இரண்டு வாரம் நோன்பிருந்து பார்த்தார், சரணம் அவருக்கு இறங்கவில்லை, மூன்றாம் வாரம் அவரும் தோசை சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புதிதாக ஒரு சரணம் கட்டித் தந்தார். எதுகை மோனை எல்லாம் சரியாக இருந்தது, ஒரு ஞாயிறு பாடியும் பார்த்தோம், கல்யாண வீட்டில் சாப்பிடாமல் திரும்பியது போல இருந்ததால் விட்டுவிட்டோம். இசக்கியக்காவுக்கும் ஒரு பயம் இருந்தது. இந்தப் பாட்டு என் வாயில் இருப்பதில் அம்மனுக்குக் கோபமோ என்று அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார், இருக்கட்டும் என்று வெள்ளைப்பூ வந்தது. ஆடிக் கொடையில் அவர் அங்கேயும் தன்னை மறந்து பாடிவிட, மேலத்தெருக்காரர்கள் கேட்டுவிட்டு, எல்லையில் நிற்கிற நம் பையன்களுக்கும் இது பொருந்துகிறதே என்று மறுபடி பாடச் சொன்னார்கள். எங்கள் பாட்டுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று உபதேசியார் ஞானாபரணமே நினைத்திருக்க மாட்டார்.

சபைச் செயலாளர் கோயில்பிள்ளைக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. கெட்டவரில்லை அவர், சின்ன வயதில் கொடிக்கம்பத்தடியில் அந்தச் சரணத்தைத் தனியாகப் பாடியவர், அது வாயை விட்டுப் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். கமிட்டியைக் கூட்டினார். ஊருக்கே சொந்தமான பாட்டைக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு என்ன உரிமை என்று கேட்டார். பிள்ளைகள் வாயில்தானே அது இத்தனை காலம் இருந்தது என்று ஐயர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடி ஏறும்போது எங்கள் வளாகத்துக்குள் மூன்றாம் சரணம் ஒலிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓய்வுநாள் பள்ளியை வேறு ஆளிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பக்கத்தில் நின்று கேட்ட ஜெபக்கனி டீச்சர் சரி என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் மேல் பழி வராதவரை அவருக்கு எதுவும் சரிதான், ஆனால் அன்று அவர் தைத்த சட்டையில் கை இரண்டும் இடதுகையாக இருந்தது.

இசக்கியக்காவிடம் விஷயம் போனதும், அதற்கென்ன, பிள்ளைகளுக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவர் உளுந்து களைந்துகொண்டே ஒவ்வொரு வரியாகப் பாடினார், அவர்கள் திருப்பிப் பாடப் பார்த்தார்கள், வரி நாக்கு வரைக்கும் வந்து கரைந்துவிட்டது. பல நாள் இப்படியே போயிற்று. கடைசியில் இசக்கியக்காவே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பிள்ளைக மேல தப்பில்ல டீச்சர். என் வாய் குடுக்குது, மனசு குடுக்க மாட்டேங்குது."

டீச்சர் கோபப்படவில்லை. இத்தனை காலம் அதைத் தன் வாயிலும் வைத்திருந்தவர், அவருக்குத் தெரியாதா அதன் அருமை. அப்படியானால் கொடியேற்று அன்று வளாகத்துக்குள் வந்து நீங்களே பாடிவிடுங்கள் அக்கா, கமிட்டிக்கு அது போதும் என்று கேட்டார். இசக்கியக்கா அன்று கடையை மூடிவிட்டு, தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி வந்து பாடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஊருக்கே மூச்சு வந்தது. டீச்சர் அன்று தைத்த சட்டை ஒழுங்காக இருந்தது.

கொடியேற்றுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் இசக்கியக்கா டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். கடையில் ஈ காக்கை இல்லை. ஊறின அரிசி கிரைண்டரில் போடாமல் அப்படியே இருந்தது. இசக்கியக்காவின் ஒரே மகன் பேச்சிமுத்து ராணுவத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கே பனிமலையில் ஏதோ ஓர் உச்சியில் காவல் என்பதும் தெரியும். அவன் அன்று காலை போனில் பேசியிருக்கிறான்.

"எம் மவன் அழுது நான் கேட்டதில்ல டீச்சர். அவங்கூட நின்ன பையன் பனிச்சரிவுல போய்ட்டானாம். இப்ப ராத்திரிக் காவலுக்கு நிக்கும்போது யாரோ பின்னால கூப்பிடுத மாதிரி இருக்காம், திரும்பிப் பாத்தா வெறும் வெள்ளையாம். அம்மா, கண்ண மூட முடியல, தொறந்து வைக்கவும் முடியலங்கான்."

ஏலம் எடுத்த நாளிலிருந்து அந்தச் சரணத்தை மகனை நினைத்துத்தான் பாடிவந்ததாகவும், பாடிவிட்டுப் படுத்தால்தான் தனக்குத் தூக்கம் வருவதாகவும், இப்போது அதை அவனுக்கே கொடுக்க மனசு முழுக்க வந்துவிட்டதாகவும் அக்கா சொன்னார். இது போகும் என்று நெஞ்சில் நிச்சயமாகத் தெரிகிறது, போனால் தன் வாயிலும் இருக்காது, கொடியேற்று அன்று பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாலும் சும்மாதான் நிற்க வேண்டும்.

"ஒங்க வகுப்பு போயிரும்னு எனக்குத் தெரியும். நீங்க வேண்டாம்னா குடுக்கல. சத்தியமா குடுக்கல. கொடியேத்து முடியட்டும், பெறவு பாத்துக்கிடுதேன்."

நாலைந்து நாள் என்பது கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் சின்னக் கணக்கு, பனியில் நிற்கிறவனுக்கு அப்படியில்லை. பிள்ளைகளிடம் ஜெபக்கனி டீச்சர் வாரா வாரம் கேட்கிற கேள்வி இப்போது இட்லிக்கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது, பதில் சொல்ல வேறு ஆளும் இல்லை.

"குடுங்கக்கா," என்றார். "எழுதினவரு அவனுக்குத்தான் எழுதியிருக்காரு. நாங்க இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தோம், அவ்வளவுதான்."

சாயங்காலம் மகன் திரும்பக் கூப்பிட்டபோது இசக்கியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சரணத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பாடினார். பாடி முடித்து இன்னொருமுறை பாட வாய் திறந்தார், வாய் வெறுமனே இருந்தது, மறுமுனையில் பேச்சிமுத்து அதைத் தப்பில்லாமல் திருப்பிப் பாடினான். அவனுக்கு இதற்கு முன் ஒரு சினிமாப் பாட்டும் ஒழுங்காக வந்ததில்லை. மறுநாள் மறுபடி பேசினான். ராத்திரி பாடிக்கொண்டே நின்றேன், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, பயமில்லை என்றான். கூடக் காவல் நிற்கிற பீகார்ப் பையன் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் திரும்பத் திரும்பப் பாடச் சொல்கிறான் என்றும் சொன்னான். அதைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து டீச்சர் வீட்டுக்கு நடந்தபோது எதிரில் வந்தவன் நான்தான். அழுதுகொண்டுதான் போனார். என்னவென்று கேட்டேன், ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கமிட்டிக்கு அவர் எதையும் போய்ச் சொல்லவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளை மட்டும் கூட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னார். அழுவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவர்களோ பனிமலை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். தேசப்படத்தை விரித்துக் காட்டினார். கதவுக்கு வெளியே போய், கொடிக்கம்பத்தை வைத்து வடக்கு எது என்று தாங்களே குறித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை வளாகம் நிறைந்திருந்தது. மேலத்தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், இசக்கியக்கா சொன்ன சொல் மாறாமல் பட்டுச்சேலையில் வந்து பெண்களோடு நின்றார், அவரைப் பார்த்ததும் கோயில்பிள்ளையின் முகம் தெளிந்தது. ஐயர் கொடியை ஏற்றினார். பிள்ளைகள் பல்லவியைத் தொடங்கினார்கள், நாங்கள் சேர்ந்துகொண்டோம், முதல் சரணம், பல்லவி, இரண்டாம் சரணம், பல்லவி. அதன்பிறகு எல்லோரும் இசக்கியக்காவைப் பார்க்க, இசக்கியக்கா தரையைப் பார்க்க, பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வடக்கே திரும்பி நின்றார்கள்.

பாடவில்லை. உதடுகூட அசையவில்லை. ஆனால் மூச்சு மட்டும் மேட்டில் ஏறுவது போல ஒன்றாக ஏறியது, உச்சியில் நின்றது, மெதுவாக இறங்கியது, ஒரு சரணத்தின் நீளத்தை இம்மி பிசகாமல் அவர்கள் மூச்சாலேயே அளந்தார்கள். கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. ரோட்டில் போன பஸ் ஒன்று ஏனோ ஹார்ன் அடிக்காமல் போயிற்று. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு ஆளின் பெயரும், நான் தூங்கியபோது விழித்திருந்த ஒவ்வொருவரின் பெயரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் வந்து போனது. என் வாழ்நாளில் அத்தனை நன்றியோடு நான் சும்மா நின்றதில்லை.

கோயில்பிள்ளை முன்வரிசையை விட்டு வந்தார். ஜெபக்கனி டீச்சர் தலை நிமிரவில்லை, வருவது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனால் கோயில்பிள்ளை அவரிடம் போகாமல் கெசியாவுக்கு முன்னால் குனிந்து, ஒரு தவிப்போடு, கிட்டத்தட்டக் கெஞ்சுவது போலக் கேட்டார்.

"மூணாம் சரணம் எங்க பிள்ள?"

"அது காவலுக்குப் போயிருக்கு தாத்தா," என்றாள் கெசியா.

கோயில்பிள்ளை இசக்கியக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். பெரிய மனிதர் மெதுவாக நிமிர்ந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே தானும் கொஞ்ச நேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப நாலாவதப் பாடச் சொல்லுங்க டீச்சர்," என்றார்.